பிரேசில் அம்மாவின் செருப்பும் பாக்கியத்தின் கத்தியும்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை, கேக், ஒரு சுவர்க் கடிகாரம். இனி நேரம் பார்க்கத் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று நான் கேட்கவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அப்போது புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி உத்தியோகத்தர் சுதர்ஷனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், இன்டர்நெட் இல்லாத காலத்துல வெளிநாட்டு ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள். "போஸ்ட்காட்டுல" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரணியகலைப் பக்கம் இருக்கும் ரப்பர் ஆராய்ச்சி உபநிலையத்தில் நான் 1992இல் களப் பதிவாளராகச் சேர்ந்தேன். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். பத்தாம் வகுப்பு வரை படித்து, கொஞ்சம் இங்கிலீசும் ஒட்டிக்கொண்டிருந்ததால் வேலை கிடைத்தது. மூன்று மாதப் பயிற்சி. மரத்தின் பட்டையைப் பார்த்து நோய்க்குப் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி போடக் கற்றுக்கொண்டேன். பயிற்சி பற்றி அவ்வளவுதான். மற்றதையெல்லாம் டாக்டர் மெடத்திடம் படித்தேன்.

டாக்டர் மெடம் எங்கள் நிலையத்தின் பொறுப்பதிகாரி. சிங்கள அம்மா. குட்டையான உருவம், பெரிய கண்ணாடி, மழையோ வெயிலோ ஒரே கறுப்புக் குடை. அவர் யாரையும் "பிழை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம் கொண்டுபோன தாளில் ஏதாவது இடித்தால் கண்ணாடியைக் கழற்றுவார், சேலைத் தலைப்பால் துடைப்பார், திரும்பப் போட்டுக்கொண்டு, "ஆயெத் பலமு" என்பார். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் மறுபடி மலை ஏறியே ஆக வேண்டும். தோட்டத்தில் வயலையோ தேயிலைக் காட்டையோ ரப்பர் காட்டையோ எல்லாவற்றையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். ஏழாம் நம்பர் மலைதான் எங்கள் சோதனைக் காடு. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டில் இலக்கம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று, வெட்டுப்பட்டையில் அழுகல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, புள்ளி போட வேண்டும். தாளில் எதற்குக் கட்டம் போட்டிருக்கிறதோ அதை மட்டும் எழுதுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இனி போஸ்ட்காட் கதை. உலகத்தில் எங்காவது ரப்பர் பற்றிக் கட்டுரை வந்தால் அதன் தலைப்பு மட்டும் ஒரு பட்டியல் புத்தகத்தில் எங்களுக்கு வரும். கட்டுரை வராது. அதற்கென்று அச்சடித்த அட்டைகள் இருந்தன. "அன்புள்ள டாக்டர்" என்று போட்டு ஒரு கோடு, பிறகு "தங்களுடைய கீழ்க்கண்ட கட்டுரையின் பிரதியொன்றை அனுப்பி உதவவும்" என்று போட்டு இன்னொரு கோடு. மெடம் இரண்டு கோட்டையும் நிரப்புவார். நான் தெரணியகலைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய் முத்திரை ஒட்டிப் போடுவேன். இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து ஒரு தடித்த உறை வரும். அதைப் பிரிக்கும்போது மெடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வந்த தாய் மாதிரி இருப்பார்.

மேசைக்குப் பின்னால் ஓர் உலகப்படம் மாட்டியிருந்தது. அட்டை போன ஊரிலெல்லாம் ஒரு குண்டூசி குத்துவது என் வேலை. மலேசியா, கேரளா, தாய்லாந்து, ஆபிரிக்காவில் இரண்டு மூன்று இடம், அந்தப் பக்கம் பிரேசில். பூமிக்கு இடுப்புக்கயிறு கட்டின மாதிரி ஒரு வரிசை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் குனிந்து பார்க்கிற இதே மரத்தை அங்கெல்லாம் யாரோ குனிந்து பார்க்கிறார்கள்! ஆனால் நிறைய ஊசி ஏறியது அந்த வரிசையில் இல்லை. ரப்பர் மரம் ஒன்றுகூட முளைக்காத குளிர் தேசங்களில் ஏறியது. மரம் எங்களிடம் இருந்தது, எழுத்து அவர்களிடம் இருந்தது. எங்கள் ஊரில் ஊசி கிடையாது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்டு எழுதவில்லையே.

நான் சேர்ந்து ஆறாவது வருடம், உலக ரப்பர் விஞ்ஞானிகளின் மாநாடு கொழும்பில் நடக்கப் போவதாகக் கடிதம் வந்தது. மெடத்தின் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அதுதான் முதல் சர்வதேச மாநாடு. மாநாட்டின் முதல் நாள் விருந்தினர்களை எங்கள் ஏழாம் நம்பர் மலைக்கு அழைத்துவருவது, மூன்றாம் நாள் மெடம் கட்டுரை வாசிப்பது என்று ஏற்பாடு.

கட்டுரையின் சாரம் இது. மலையில் பாதையோர வரிசை மரங்களுக்குப் பட்டை அழுகல் வருவதில்லை, உள்வரிசைகளுக்கு வருகிறது. ஐந்து வருடமாக நான் எழுதிய தாள்கள் அதையே சொல்லின. பாதையோரத்தில் காற்றும் வெயிலும் படுகிறது, பட்டை சீக்கிரம் காய்கிறது, அதனால் நோயில்லை. ஆகவே நெருக்கமான காடுகளில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை மரங்களைச் சாய்த்துப் புதுப் பாதை திறக்க வேண்டும் என்பது முடிவு. தோட்டத்துத் துரையும் ஒத்துக்கொண்டிருந்தார். மாநாடு முடிந்ததும் ஏழாம் நம்பர் மலையில் மரம் சாய்ப்பதாக இருந்தது. அங்கே பால் வெட்டுகிற எட்டுப் பேரில் மூன்று பேருக்கு அதோடு மலை இல்லை, வேறு டிவிசனுக்குப் புல்வெட்டப் போக வேண்டும் என்று, காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் சொல்லியாகிவிட்டது. அந்த மூன்று பேரில் ஒருத்தி பாக்கியம். பாக்கியம் என் மனைவி.

"ஒங்க தாள்ல எழுதி எழுதியே என் மரத்தச் சாச்சுப்புட்டீங்க" என்று அவள் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இருப்பதைத்தானே எழுதினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாநாட்டுக்கு வருகிறவர்களில் பிரேசில் நாட்டுப் பேராசிரியை ஒருவர் இருந்தார். அவரால் எனக்குப் புது வேலை வந்து சேர்ந்தது. ரப்பருக்குத் தாய்நாடே அந்தப் பக்கம்தான். ஆனால் அங்கே இலையைக் கருக்கிக் காட்டையே அழிக்கிற ஒரு நோய் இருக்கிறது. அது எங்கள் பக்கத்துக்கு வந்தால் முடிந்தது கதை. அதனால் அங்கிருந்து வருகிறவர் நேராக ரப்பர் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சில நாள் முன்னதாகவே கொழும்புக்கு வந்து தங்க வேண்டும். கொண்டுவந்த உடுப்பெல்லாம் சலவைக்குப் போக வேண்டும். காட்டுக்குப் போகிற அன்று தலைமுழுகி, இங்கே வாங்கிய உடுப்பைத்தான் உடுத்த வேண்டும். சப்பாத்து, கைப்பை, தொப்பி எதுவும் ஹோட்டலை விட்டு நகரக் கூடாது. மெடம் இதையெல்லாம் இலக்கம் போட்டு எழுதி என்னிடம் தந்தார். நான் அவிசாவளைக்குப் போய்ப் பூப்போட்ட சீத்தைத் துணியில் ஒரு பாவாடையும், ஒரு சட்டையும், ஒரு சோடி ரப்பர் செருப்பும் வாங்கிவந்தேன். அளவு தெரியாமல் பெரிதாகவே வாங்கிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. இரண்டு பஸ் நிறைய ஆட்கள். உலகப்படத்தில் நான் ஊசி குத்திய ஊர்களெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற மாதிரி எனக்குத் தோன்றியது. கழுத்தில் தொங்கிய அட்டைகளை வாசிக்கிறேன், ஒவ்வொன்றும் நான் தபாலில் போட்ட பெயர்! ஒரு மனிதரைப் பார்த்து, "உங்கள் முத்திரையில் யானைப் படம் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசியாக பிரேசில் அம்மா இறங்கினார். அறுபது வயதிருக்கும். நான் வாங்கிய பாவாடை, பெரிய செருப்பு. சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தார். எங்கள் பால்வெட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாவும் பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்து விரித்துக் காட்டிச் சிரித்தார்.

மெடம் பாதையோர வரிசையைக் காட்டி விளக்கம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரேசில் அம்மா மட்டும் செருப்பை இழுத்துக்கொண்டு மலையின் அந்தப் பக்கம், ஓடை ஓரம் வரை இறங்கிப் போய்த் திரும்பி வந்தார்.

"அங்கும் காற்றும் வெயிலும் இருக்கிறதே, அந்த ஓர மரங்களுக்கு ஏன் நோய்?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"ஓடையின் ஈரம்" என்றார் மெடம். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

பால் வெட்டுவதை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. முதல் மரம் பாக்கியத்தினுடையது. விருந்தினருக்குக் காட்டுவதற்காக அன்று காலையில் அவள் வெட்டாமல் வைத்திருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பால் வெட்டு விடியலில் தொடங்கும். என் வேலை பால் எடுத்து முடிந்த பிறகுதான். மெடம் வந்துசேரும்போது பத்து மணியாகும். ஆறு வருடத்தில் எங்கள் நிலையத்திலிருந்து ஒருவரும் முதல் வெட்டை நின்று பார்த்ததில்லை. நான் பால்வெட்டுக்காரியின் மகன், பால்வெட்டுக்காரியின் புருஷன். எனக்குத் தெரியாததா என்ற எண்ணம்தான்.

பாக்கியம் ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். அதில் மஞ்சள் தண்ணீர். வெட்டுக்கத்தியை அதில் நன்றாகக் கழுவினாள். துணியால் துடைத்தாள். கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து, வெட்டினாள். பால் கசிந்து சிரட்டையில் விழுந்தது. எங்கள் மலைகளில் எல்லோரும் செய்கிற காரியம். கத்திக்கும் காட்டுக்கும் காலைக் கும்பிடு. அடுத்த மரத்துக்குப் போனாள், வெட்டினாள். அதற்கடுத்த மரம்.

"இரண்டாவது மரத்துக்குக் கத்தி கழுவுவதில்லையா?" என்று பிரேசில் அம்மா கேட்டார். மெடம் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "அதான் கழுவிட்டேனே? சாமி கும்புடுறது ஒரு தடவதானேங்க?" என்றாள். அதை நான் இங்கிலீசில் சொன்னேன்.

அந்த அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என்னை உங்கள் காட்டுக்குள் விட, என் உடுப்பைக் கழுவினீர்கள், என் சப்பாத்தைப் பறித்தீர்கள். சரியான காரியம். இந்தக் கத்தி ஒவ்வொரு நாளும் முந்நூறு மரத்துக்குள் போய்வருகிறது."

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "எல்லோரும் இந்தப் பாதையோர வரிசையில்தான் தொடங்குவார்களா? தினமும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலும் இங்கிலீசும் இரண்டும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அந்த நொடியே விளங்கிவிட்டது. கழுவின கத்தி முதலில் போவது பாதையோர வரிசைக்கு. அதனால் அங்கே நோயில்லை. உள்ளே போகப் போக அது ஒரு மரத்தின் நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. காற்றாவது வெயிலாவது! சிலர் இங்கே தொடங்குவார்கள், சிலர் அங்கே என்று ஒரு வார்த்தை சொன்னால் மெடத்தின் கட்டுரை தப்பிக்கும். அவருடைய முதல் மாநாடு. பின்னால் தலைமைக் கந்தோர்ப் பெரியவர்கள் நிற்கிறார்கள். மரம் தப்பிக்க வேண்டுமென்றால் கட்டுரை சாக வேண்டும். மெடத்தைப் பார்த்தேன். அவர் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"ஆமாம். எல்லோரும். தினமும்" என்றேன்.

மெடம் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். வழக்கத்தை விட நிறைய நேரம் துடைத்தார். பிறகு உலகத்து விஞ்ஞானிகள் எல்லோருக்கும் முன்னால், எனக்குச் சொல்வது போலவே சொன்னார்: "ஆயெத் பலமு."

விருந்தினர்கள் சாப்பாட்டுக்குப் போனதும் மெடம் பாக்கியத்தைக் கந்தோருக்கு அழைத்தார். பாக்கியம் கதிரையில் உட்காரத் தயங்கினாள். மெடமே தோளைப் பிடித்து உட்கார வைத்தார். என் தாள்களில் மரங்கள் இலக்க வரிசையில் இருந்தன. கத்தி இலக்க வரிசையில் நடப்பதில்லை. கல்லைச் சுற்றி, சரிவு பார்த்து, தனக்குத் தோதான வழியில் பாக்கியம் நடக்கிறாள். அந்த வழி எந்தத் தாளிலும் இல்லை, அதற்குக் கட்டமே இல்லை.

"நீங்க போற மாதிரி ஒவ்வொரு மரமா சொல்லுங்க" என்றார் மெடம், தனக்குத் தெரிந்த தமிழில்.

பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். "பொட்டு மரம். அதுக்கு அடுத்தது வளைஞ்சது. அப்புறம் இடி விழுந்தது. அங்கிட்டுருந்து கல்லுக்குக் கீழால ரெண்டு..." என்று தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல நான் இலக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னேன், மெடம் என் புள்ளிகளை அந்த வரிசையில் எழுதினார். முந்நூறு மரம். ஒன்றுகூட விடவில்லை. இரண்டு இடத்தில் நான்தான் இலக்கத்தை மாற்றிச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எழுதி முடித்த தாளைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். எங்கோ ஒரு மரத்தில் மூன்று. அதற்குப் பிறகு வருகிற மரமெல்லாம் இரண்டு, மூன்று, மூன்று, நான்கு. ஓடை ஓரம் அவளுடைய நடையின் கடைசி. ஐந்து வருடமாக என் பெட்டிக்குள்ளேயே கிடந்த விஷயம்! நான் கையால் எழுதி, நான் அறியாமல் போனது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்? நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தாள் பெட்டியோடு நானும் மெடத்துடன் கொழும்புக்குப் போனேன். அது போர் நடந்துகொண்டிருந்த சோதனைச் சாவடிக் காலம். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே முழுக்க இலக்கங்கள். முகம் இறுகியது. "மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டான். "ரப்பர் மரங்கள், ஐயா. நோய்ப் புள்ளி" என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். தன் அப்பாவுக்கும் கஹவத்தைப் பக்கம் ஓர் ஏக்கர் ரப்பர் இருப்பதாகவும், பட்டை அழுகுவதாகவும் சொன்னான். மெடம் வாகனத்தை விட்டு இறங்கி, கத்தியைக் கழுவும் விதத்தை நடுரோட்டில் அவனுக்கு விளக்கினார். மாநாட்டில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டவன் அந்தச் சிப்பாய்தான்.

மண்டபம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அளவு இருந்தது. மெடம் மேடை ஏறினார், மாநாட்டுக் கட்டுரைகளை அச்சிட்ட புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இதில் உள்ள என் கட்டுரையின் முடிவு பிழை" என்றார். அவர் வாயிலிருந்து "பிழை" என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அது தன்னைப் பற்றி. "நாங்கள் தாளைப் பார்த்தோம். கத்தி போன வழியைப் பார்க்கவில்லை. அந்த வழியை அறிந்தவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி." பிறகு பாக்கியம் சொன்ன வரிசையைத் திரையில் போட்டுக் காட்டினார்.

பெரிய மனிதர்கள் கேலி செய்வார்கள் என்று நான் பயந்திருந்தேன். கடைசி வரிசையில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களோ எழுந்து எழுந்து கேள்வி கேட்டார்கள். தேநீர் இடைவேளையில் என் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். பல தேசத்து ஆட்கள் தரையில் குந்தி, என் கோணல் கையெழுத்தைக் கைகளால் பிரதி எடுத்தார்கள். தான் பிழை என்று ஒருவர் சொன்னால் இவ்வளவு பேர் பக்கத்தில் வந்து உட்காருகிற ஓர் உலகம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்றைக்கு நினைத்தாலும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஏழாம் நம்பர் மலையில் ஒரு மரமும் சாயவில்லை. துரை ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். பால்வெட்டுகிறவர்கள் இடுப்பில் மருந்துத் தண்ணீர் டப்பா கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைத் தோய்த்தார்கள். பாக்கியம் மட்டும் முதல் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர்தான் என்று பிடிவாதமாக நின்றாள். மெடமும் அதை விட்டுவிட்டார். அந்த வருடம் முடிந்தபோது உள்வரிசைகளிலும் நான் பூச்சியம் போட ஆரம்பித்தேன்.

மெடம் கட்டுரையைத் திருத்தி எழுதினார். மூன்று பெயர் போட்டார். அவருடையது, என்னுடையது, மூன்றாவதாகப் பாக்கியத்தினுடையது.

கட்டுரை வெளிவந்து சில மாதம் கழித்து, தோட்டத்துத் தபால்காரர் லயத்து வாசலில் நின்று ஓர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். "இந்த டாக்டர் யாருங்க? நம்ம லயத்துல டாக்டர் யாரும் இல்லீங்களே" என்றார். வாங்கிப் பார்த்தேன். அச்சடித்த அட்டை. நான் எத்தனையோ போட்ட அதே மாதிரி. பிரேசில் முத்திரை, ஆனால் அந்த அம்மாவின் ஊர் இல்லை, அங்கேயே வேறு ஏதோ ஓர் ஊர். "அன்புள்ள டாக்டர்" என்ற சொல்லுக்குப் பக்கத்துக் கோட்டில், மையால் எழுதியிருந்தது: பாக்கியம்.

உள்ளே போய் அவளிடம் கொடுத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, முத்திரையைப் பார்த்தாள். அதில் ஒரு கிளி இருந்தது.

"என்னாங்க கேக்குறாங்க?"

"நீ எழுதுனத அனுப்பச் சொல்லிக் கேக்குறாங்க. ஒன்னயத்தான், டாக்டர்னு போட்டு."

அட்டையைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அனுப்பி வையுங்க. அப்புடியே, அவுங்க ஊர்ல எந்த மரத்துலருந்து வெட்ட ஆரம்பிக்கிறாங்கன்னும் கேட்டு எழுதுங்க."